பழைய கடிதத்தில் ‘நேட்டால்’ என்று இருந்தால்

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கத்துக் குடும்பம் ஒன்றில், முன்னோர் ஒருவர் நேட்டாலுக்குக் கப்பலேறிப் போனார் என்ற பேச்சு வழிவழியாக இருந்தால், அவரைத் தேடத் தொடங்கும் முன் அந்தப் பெயர் எந்த நிலத்தைக் குறித்தது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இணையத்தில் வெறுமனே ‘நேட்டால்’ என்று தேடினால் பிரேசில் நாட்டு நகரம் ஒன்றும் வந்து நிற்கும். நமக்கு வேண்டியது அதுவன்று; இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டால்.

இந்தியாவுக்கு வழி தேடிவந்த வாஸ்கோ ட காமா, 1497ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வேளையில் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையோரம் சென்றதால், அக்கரைக்குக் கிறிஸ்து பிறப்பு விழாவின் போர்த்துக்கீசியப் பெயரையே இட்டார். அந்த மண்ணில் வாழ்ந்த மக்களைக் கேளாமலே பெயர் நிலைத்துவிட்டது.

பெயர் ஒன்றாக இருந்தாலும் எல்லை மாறிக்கொண்டே வந்ததால், கடிதத்தின் ஆண்டை முதலில் பாருங்கள். 1843இல் பிரிட்டிஷார் கைப்பற்றிய நேட்டால் 1856இல் தனிக் காலனியானது. ஜூலு மக்களின் நிலமான ஜூலுலாந்து அதனுடன் சேர்ந்தது 1897இல்தான் என்பதால், 1890ஆம் ஆண்டுக் கடிதத்தின் நேட்டாலில் அப்பகுதி அடங்காது. 1910இல் நேட்டால் தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் மாகாணமாகி, 1994 முதல் குவாசூலு-நேட்டால் எனப்படுகிறது. ‘போர்ட் நேட்டால்’ என்று இருந்தால் அதை டர்பன் துறைமுகம் என்று கொள்ளுங்கள்.

இதே கவனம் நம் ஊர்ப் பெயருக்கும் கட்டாயம் வேண்டும். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற ஏறத்தாழ 1,52,000 இந்தியர்களின் கப்பல் பட்டியல்களில், வட ஆற்காடு என்ற ஜில்லாப் பெயர் அடிக்கடி வருகிறது. ஆனால் அன்றைய வட ஆற்காட்டின் தலைநகரம் சித்தூர். 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. எனவே ஜில்லாப் பெயரோடு நின்றுவிடாமல் தாலுகாவையும் கிராமத்தையும் படியுங்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் அவ்வூர் அகப்படாவிட்டால், ஆந்திரப் பக்கத்திலும் தேட வேண்டும்.

பட்டியலில் பெயரை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் முனுசாமி ‘மூன்சாமி’ ஆகியிருப்பார். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல், ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட காலனி எண், தந்தை பெயர், வயது ஆகியவற்றையும், முழங்காலில் தழும்பு, கன்னத்தில் மச்சம் என்பது போன்ற அங்க அடையாளக் குறிப்புகளையும் சேர்த்து ஒப்பிட்ட பிறகே அவர் உங்கள் முன்னோர் என்று உறுதி செய்யுங்கள்.