கனமான காளைக்குக் கனமான கன்றா? இறைச்சி மாடுகளின் வளர்ச்சி மரபியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறைச்சிக்காக மாடு வளர்ப்பவர்கள் பொலிகாளை தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது எடையைத்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, விற்பதும் எடையைத்தானே. ஆனால் தராசு காட்டுகிற எண்ணில் மரபணு தந்தது எவ்வளவு, தாயின் பால் தந்தது எவ்வளவு, மேய்ச்சல் தந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காமல் எண்ணை அப்படியே நம்புவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

எளிதில் திருத்திக்கொள்ளக்கூடிய தவறிலிருந்து தொடங்குவோம். பால் மறக்கடிக்கும் நாளில் எல்லாக் கன்றுகளையும் ஒன்றாக நிறுத்தி எடை போட்டு, அதிக எடை உள்ளதைத் தனியே கட்டுவது பரவலான பழக்கம். ஒரு கன்று 250 கிலோ, வயது 220 நாள். இன்னொன்று 238 கிலோ, வயது 195 நாள். இரண்டும் பிறக்கும்போது 34 கிலோ. பார்வைக்கு முதலாவது தேவலை. ஆனால் பிறப்பு எடையைக் கழித்து, நாளொன்றுக்கு எவ்வளவு ஏறியது என்று கண்டுபிடித்து, இரண்டையும் 205 நாளுக்குக் கணக்கிட்டால், முதலாவது சுமார் 235 கிலோ, இரண்டாவது சுமார் 248 கிலோ. 12 கிலோ பின்தங்கியதாகத் தெரிந்த கன்று உண்மையில் 13 கிலோ முன்னே நிற்கிறது. அமெரிக்காவில் 205 நாள், ஆஸ்திரேலியாவில் 200 நாள் என்று அளவுகோல் சற்று மாறும், கணக்கு ஒன்றுதான். தாயின் வயதையும் சேர்க்க வேண்டும். முதல் ஈற்றில் இருக்கிற இரண்டு வயதுப் பசுவுக்குப் பால் குறைவு, அதன் கன்று மெலிந்திருந்தால் மரபைக் குறை சொல்லக்கூடாது.

இதெல்லாம் சரிசெய்த பிறகும், ஒரே பாலினம், நெருங்கிய வயது, ஒரே மேய்ச்சல், ஒரே தீவனம் என்று வளர்ந்த கன்றுகளை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். தனித் தீவனம் தின்ற கன்றைப் புல் மட்டும் தின்ற கன்றோடு ஒப்பிட்டால் தெரிவது தீவனத்தின் வேறுபாடுதான். இங்கே இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. சிலர் நல்ல கன்றுகளின் எடையை மட்டும் இனச் சங்கத்தின் பதிவுக்கு அனுப்பிவிட்டு, மெலிந்தவற்றை மறைத்துவிடுகிறார்கள். குழுவின் சராசரி உயர்ந்துவிடுவதால், அவர்களுடைய சிறந்த கன்று சராசரியைவிடச் சிறிதளவே மேலானதாகத் தெரியும். ஆக, மறைத்தவருக்கே நட்டம்.

கன்றுக்கு எவ்வளவு போய்ச்சேரும்?

பால்குடி மறக்கும் எடைக்கு மரபுவழி விகிதம் சுமார் 0.25 என்பார்கள். இதைக் கேட்டதும், கன்றின் எடையில் கால் பங்கு மரபணு தந்தது என்று புரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர். அப்படியல்ல. ஒரே சூழலில் வளர்ந்த கன்றுகளுக்கு இடையே தெரிகிற வேறுபாட்டில் சுமார் கால் பங்குதான் அடுத்த தலைமுறைக்குக் கடத்தக்கூடிய மரபால் வருவது என்பதே பொருள்.

ஒரு கணக்கு போடுவோம். காளைக்கன்று ஒன்று தன் குழுவின் சராசரியைவிட 40 கிலோ கூடுதல். வேறு தகவல் எதுவும் இல்லையென்றால், அதன் மரபு மேன்மை 10 கிலோ என்றுதான் மதிப்பிட முடியும். அதில் பாதி மட்டுமே கன்றுக்குப் போகும், மறுபாதி தாயிடமிருந்து வருகிறது. எனவே சராசரிப் பசுக்களோடு சேர்த்தால் அதன் கன்றுகள் சுமார் 5 கிலோ கூடுதலாக இருக்கும். 40 கிலோவை எதிர்பார்த்தவருக்கு விற்றவர் ஏமாற்றிவிட்டதாகத் தோன்றும். யாரும் ஏமாற்றவில்லை. அந்த 5 கிலோவைச் சொற்பமாகவும் நினைக்க வேண்டாம். தீவனத்தால் ஏறிய எடை அந்தக் கன்றோடு போய்விடும், மரபால் வந்தது மந்தையில் தங்கும் கிடாரிகள் வழியாகத் தொடரும்.

ஒரே காளையின் கன்றுகள் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று நினைப்பதும் இதோடு சேர்ந்த குழப்பம். ஒரே தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த உடன்பிறப்புகளுக்குள்ளேயே, மந்தையில் உள்ள மொத்த மரபு வேறுபாட்டில் பாதி இருக்கிறது. இரண்டு கன்றுகளை வைத்துக் காளைக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

அப்புறம் தாய்ப்பால். பால்குடி மறக்கும் எடையில் கன்றின் சொந்த வளர்ச்சித் திறன் ஒரு பங்கு, தாயின் பால் இன்னொரு பங்கு. காளைப் பட்டியல்களில் ‘பால்’ என்று இருக்கும் எண் பால் எத்தனை லிட்டர் என்பதைச் சொல்வதில்லை. அந்தக் காளையின் மகள்கள் தங்கள் பாலால் தங்கள் கன்றுகளின் எடையை எவ்வளவு கூட்டுவார்கள் என்பதையே அது சொல்கிறது. கன்றுகளை எல்லாம் விற்றுவிடுபவருக்கு அந்த எண்ணால் பயனில்லை. கிடாரிகளை வைத்துக்கொள்பவரும் அது கூடக்கூட நல்லது என்று நினைக்கக் கூடாது. புல் குறைவான இடத்தில் அதிகம் பால் சுரக்கும் பசு உடம்பு இளைத்து, மறுபடி சினைக்கு வரத் தாமதிக்கும்.

வேகமான வளர்ச்சியோடு ஒட்டி வருபவை

என் பார்வையில் மிகவும் செலவு வைக்கும் தவறு, வளர்ச்சியை மட்டும் தனியே பிரித்துத் தேர்ந்தெடுக்க முடியும் என்ற நம்பிக்கை. ஓராண்டு எடையைக் கூட்டும் மரபணுக்களில் பல, பிறப்பு எடையையும் முதிர்ந்த பசுவின் எடையையும் சேர்த்தே கூட்டுகின்றன. பத்து ஆண்டுகள் எடையை மட்டும் பார்த்துக் காளை வாங்கியவரின் மந்தையில் தலையீற்றுக் கிடாரிகள் கன்று ஈனத் திணறுவதும், பசுக்கள் பெருத்துவிடுவதும் தற்செயலல்ல. உடலைப் பராமரிக்க மட்டும் தேவைப்படும் தீவனம், எடையின் முக்கால் அடுக்கை (0.75 அடுக்கு) ஒட்டிக் கூடுகிறது, அதாவது எடை கூடும் அளவைவிடச் சற்றுக் குறைவாக. 500 கிலோ பசுவுக்குப் பதில் 600 கிலோ பசுவை வைத்திருந்தால், ஆண்டு முழுவதும் பராமரிப்புக்கே சுமார் 15 சதவீதம் கூடுதல் தீவனம் வேண்டும். கன்று அந்த அளவுக்குக் கூடுதலாக எடை போடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தால் வேறொன்றும் ஒட்டி வரும் என்பதை அமெரிக்க வரலாறு இருமுறை காட்டியிருக்கிறது. 1940களில் கண்காட்சிகளில் குட்டையான, கட்டுமஸ்தான காளைகளுக்குத்தான் மவுசு. ஹெர்ஃபோர்டு இனத்தில் குள்ளத்தன்மை தரும் ஒடுங்கு மரபணு (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் முழுதாக வெளிப்படுவது) ஒன்றைச் சுமந்த காளைகள் அந்தத் தோற்றத்துக்குப் பொருந்தியதால் அவையே அதிகம் தேர்வாயின. அத்தகைய காளையும் பசுவும் சேர்ந்தபோது நாலில் ஒரு பங்கு கன்றுகள் குள்ளமாகப் பிறந்தன. 1950களில் பல மந்தைகளை இது ஆட்டிவைத்தது. பிறகு காற்று மறுபக்கம் வீசியது. 1970, 80களில் உயரமான மாடுகளே பரிசு வாங்கின, பசுக்களின் தீவனச் செலவு எகிறியது.

நல்ல செய்தி, இந்தப் பிணைப்பு இறுக்கமானது அல்ல. குறைந்த பிறப்பு எடையோடு பிறந்து, ஓராண்டில் நன்றாக ஏறும் கன்றுகளைத் தரும் காளைகள் உண்டு. ஆனால் பிறப்பு எடை, ஓராண்டு எடை, முதிர்ந்த பசுவின் எடை என்ற மூன்று எண்களையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் அவை கிடைக்கும்.

‘வளர்ச்சி மரபணு’ என்று ஒன்றைத் தேடுவதும் இதே வகைத் தவறுதான். பெல்ஜியன் ப்ளூ மாடுகளின் பிதுங்கிய தசையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்பு. தசை வளர்ச்சிக்கு பிரேக் போல இருப்பது மயோஸ்டாட்டின் என்ற புரதம். பெல்ஜியன் ப்ளூவில் அதன் மரபணுவில் 11 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன, பீட்மான்டீஸ் இனத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. 1997இல் இது வெளிவந்தது. ஆனால் அந்த மரபணு தருவது தசை. மாட்டின் மொத்த எடை அதே கணக்கில் ஏறிவிடாது. விலையும் கூடவே வருகிறது: பெல்ஜியன் ப்ளூ பசுக்களில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சை மூலமே கன்று ஈனுகின்றன. எடையும் உயரமும் மரபணுத் தொகுதியின் ஆயிரக்கணக்கான இடங்களில் சிதறிக் கிடக்கும் சிறுசிறு விளைவுகளின் கூட்டுத்தொகை. 14ஆம் குரோமோசோமில் உள்ள பிளாக்1 (PLAG1) என்ற மரபணு போன்ற சில இடங்களுக்குக் கண்ணில் படும் அளவு செல்வாக்கு உண்டு. ஆனால் அதுவும் பிறப்பு எடையையும் உடலளவையும் சேர்த்தே தூக்குகிறது.

கலப்பினக் காளை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு இனங்கள் சேரும்போது வரும் கூடுதல் வீரியம், அந்தச் சேர்க்கையால் வருவது. முதல் தலைமுறைக் கலப்புக் காளை பிரமாதமாக வளர்ந்திருந்தால், அந்த வீரியத்தை அப்படியே கன்றுக்குக் கொடுக்கும் என்று எண்ணக் கூடாது. யார் தந்தை, யார் தாய் என்பதும் முக்கியம். பிராமன் இனக் காளை, ஆங்கஸ் இனப் பசு சேர்ந்தால் பிறக்கும் கன்றுக்குப் பிறப்பு எடை அதிகம். ஆங்கஸ் காளை, பிராமன் பசு என்று மாற்றினால் குறைவு. ஈனும் சிரமத்தை எண்ணிப் பார்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஓரிடத்தில் முதலிடம் பிடித்த காளை எங்கும் முதலிடம் பிடிக்கும் என்பதும் நிச்சயமில்லை. அமெரிக்காவில் மொன்டானாவின் குளிரில் உருவான ஹெர்ஃபோர்டு மாடுகளையும் ஃபுளோரிடாவின் வெப்பத்தில் உருவான ஹெர்ஃபோர்டு மாடுகளையும் இடம் மாற்றி வளர்த்துப் பார்த்தார்கள். ஒரே இனம்தான். இருந்தும் அந்தந்த இடத்தில் அங்கேயே உருவான மாடுகள்தான் மேலாக நின்றன.

கடைசியாக, பட்டியலில் உள்ள எண்களைப் படிப்பது. அமெரிக்கப் பட்டியல்களில் வரும் இ.பி.டி. (EPD, கன்றுகளில் எதிர்பார்க்கும் வேறுபாடு) கன்றுக்குப் போகும் பாதியைச் சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் இ.பி.வி. (EBV, மதிப்பிட்ட இனப்பெருக்க மதிப்பு) காளையின் முழு மரபு மதிப்பைச் சொல்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதும், ஆங்கஸ் காளையின் எண்ணைச் சிமென்டல் காளையின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடுவதும் பொருளற்றவை. இனத்துக்கு இனம் அடித்தளம் வேறு. மரபணுப் பரிசோதனை செய்த காளை என்றாலும், அந்தப் பரிசோதனை எந்த இனத்தின் பதிவுகளை வைத்து உருவானது என்று கேளுங்கள். உறவில்லாத இனத்தில் அதன் துல்லியம் வெகுவாகக் குறைந்துவிடும். எண்ணுக்குப் பக்கத்திலேயே துல்லியம் என்று இன்னோர் எண் இருக்கும். அது குறைவாக உள்ள இளங்காளை என்றால் மந்தை முழுவதையும் அந்த ஒன்றை நம்பி விடாமல், பசுக்களை மூன்று நான்கு காளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது நல்லது.