நாலு மணிப் பசியைப் பிடியுங்கள்: வளர்கிற பிள்ளைக்குச் சாப்பாடும் உடற்பயிற்சியும்

திங்கட்கிழமை காலை அசெம்பிளியில் ஏதாவது ஒரு பிள்ளை மயங்கி விழும். பதினாறு வருடங்களாகப் பி.டி. வாத்தியாராக இருக்கிறேன், இது நடக்காத மாதம் குறைவு. நிழலில் படுக்க வைத்து, காலைக் கொஞ்சம் தூக்கி வைத்து, பிள்ளை கண் திறந்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: "காலையில என்ன சாப்பிட்ட?" பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். "டீ குடிச்சேன் சார்."

அம்மா அப்பாவை வரச்சொன்னால், "சாப்பிடவே மாட்டேங்குறான் சார், நல்ல சத்து பவுடர் எதாவது சொல்லுங்க" என்பார்கள். பவுடர் பற்றிப் பிறகு சொல்கிறேன். 12 முதல் 17 வயதுக்குள் பிள்ளை இருக்கிற வீட்டில், சமையலைத் தலைகீழாக மாற்றாமல் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம், வாரத்துக்கு ஒரு படி போதும். ஒரே ஒரு படிதான் முடியும் என்றால் மூன்றாவதைச் செய்யுங்கள். வீசிங், சர்க்கரை, இதயக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: சுவரில் ஒரு கோடு

முதலில் அளவு. செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி பிள்ளையை நிறுத்துங்கள். பார்வை நேராக இருக்க வேண்டும். தலைமேல் கெட்டி அட்டை போட்ட புத்தகத்தைத் தட்டையாக வைத்து, அதன் அடியில் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் தேதி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். காலையில் எழுந்ததும் அளந்தால் எப்போதும் காலையிலேயே அளங்கள். நாள் முழுக்க நின்று நடந்ததில் முதுகெலும்பு சற்று அமுங்கும். சாயங்காலம் கிட்டத்தட்ட ஒரு செ.மீ. குறைவாகக் காட்டும்.

எதற்கு இந்தக் கோடு? பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 12 வயதையொட்டியும், பையன்கள் 14 வயதையொட்டியும் வேகமாக வளர்வார்கள். அந்த உச்ச வருடத்தில் பெண்கள் 8 செ.மீ. போலவும், பையன்கள் 9, 10 செ.மீ. வரைகூடவும் வளர்வதுண்டு. அந்த நேரத்தில் பிள்ளை இரண்டு தட்டுச் சோறு கேட்டால், "இப்படித் தின்னா குண்டாயிடுவ" என்று சொல்லிவிடாதீர்கள். உடம்பு கேட்கிறது. சுவருக்கு முன்பே இதைச் சொல்லிவிடும் சாட்சி ஒன்று வீட்டில் உண்டு: ஆறு மாதத்திலேயே பத்தாமல் போகும் ஷூ. பாதம்தான் முதலில் வளரும்.

எடையைப் பற்றி ஒன்று. உயரத்துக்கேற்ற எடையா என்று பார்க்கிற பி.எம்.ஐ. கணக்கில், பெரியவர்களுக்கானதைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். 18 வயதுக்குள் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத் தனி அட்டவணை இருக்கிறது, குழந்தை மருத்துவர் அதைப் பார்த்துச் சொல்வார்.

படி 2: டீக்கு முன்னால் சாப்பாடு

காலையில் பசி இல்லை என்கிற பிள்ளை பெரும்பாலும் ராத்திரி பத்தரை மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை. இரவுச் சாப்பாட்டை எட்டரைக்குள் கொண்டுவாருங்கள், நாலைந்து நாளில் காலைப் பசி தானாக வரும்.

இட்லி, தோசை, உப்புமா எதுவானாலும் சரி, கூடவே பருப்போ முட்டையோ பாலோ ஒன்று இருக்க வேண்டும். நாலு இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி மட்டும் என்றால் பத்தரை மணிக்கே கொட்டாவி வரும். கெட்டியான சாம்பாரோ அவித்த முட்டையோ சேர்ந்தால் மதியம் வரை தாங்கும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா? பழைய சோற்றில் தயிர் விட்டுக் கரைத்து, இரண்டு சின்ன வெங்காயம். அல்லது ராகிக்கூழ் ஒரு டம்ளர். இரண்டையும் நின்றுகொண்டே ஐந்து நிமிடத்தில் முடிக்கலாம். பழைய சோறு கேவலம் என்று நினைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அது பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த கேவலம்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. டப்பாவில் பாதி சோறு, கால் பாகம் காய் அல்லது கீரை, கால் பாகம் பருப்பு, முட்டை, மீன் மாதிரி ஏதாவது. உருளைக்கிழங்கு வறுவலைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 3: நாலு மணி

நான் பார்த்தவரை வீடுகள் கோட்டை விடுவது இங்கேதான். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை. நாலேகாலுக்கு மணி அடிக்கிறது. ஐந்து மணிக்கு டியூஷன், முடிய ஏழரை. நடுவில் இருக்கிற முக்கால் மணி நேரத்தில் கையில் பத்து இருபது ரூபாய், எதிரே பெட்டிக்கடை. பாக்கெட் சிப்ஸ், பப்ஸ், கலர். அந்த நேரம் பசி தீர்ந்தது போல இருக்கும். வயிறு உப்பிக்கொள்ளும், கிரவுண்டில் ஓட முடியாது, ராத்திரிச் சாப்பாடு இறங்காது, மறுநாள் காலை மறுபடியும் "டீ குடிச்சேன் சார்". ஒரு ஓட்டையை அடைத்தால் மற்ற மூன்றும் பாதி சரியாகிவிடும்.

அதற்குச் சுலபமான வழி சுண்டல். சமைத்துப் பழக்கமில்லாத அப்பாக்களும் செய்யலாம்.

ராத்திரி படுக்கப் போகும்முன் ஆளுக்கு ஒரு பெரிய கைப்பிடி, அதாவது சுமார் 50 கிராம் கொண்டைக்கடலையைக் கழுவி, மூன்று பங்கு தண்ணீரில் ஊறப்போடுங்கள். எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் குக்கரில் நாலைந்து விசில். விரலால் அழுத்தினால் மசிய வேண்டும். ஆறியதும் வடித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், சாயங்காலம் கடுகு, கறிவேப்பிலை, வரமிளகாய் தாளித்து, அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து டப்பாவில் போட்டுக்கொடுக்க ஐந்து நிமிடம். வீட்டுக்கு வராமல் நேராக டியூஷன் போகிற பிள்ளையா? நாள் முழுக்கப் பையில் கிடந்தால் சுண்டல் ஊசிப்போகும், வெயில் காலத்தில் நிச்சயம் ஊசிப்போகும். அவர்களுக்கு வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலையும் வெல்லமும், எள்ளுருண்டை, கடலைமிட்டாய், கூடவே ஒரு வாழைப்பழம்.

தினமும் சுண்டல் என்றால் மூன்றாம் நாளே முகம் சுளிப்பார்கள். பாசிப்பயறு, தட்டைப்பயறு, அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று மாற்றிக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் அந்தப் பப்ஸையும் விட்டுக்கொடுங்கள். முழுவதும் தடுத்தால் கடைக்குப் போவது நிற்காது, உங்களிடம் சொல்வதுதான் நிற்கும்.

இப்போது பவுடர் கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி 13 முதல் 15 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 45 கிராம் புரதம், பெண்ணுக்கு 43 கிராம். ஒரு முட்டையில் 6. பாலும் தயிருமாக இரண்டு டம்ளரில் 12. நம் சுண்டலில் 9. சாம்பாரில் போகிற பருப்பில் 6. அரிசி, உளுந்து, கோதுமை என்று நாள் முழுக்கச் சாப்பிடுவதில் 20-க்குக் குறையாது. கூட்டினால் 53. முட்டை சாப்பிடாத வீடு என்றால் ஒரு கைப்பிடி வேர்க்கடலை அந்த இடத்தை நிரப்பும். ஆயிரக்கணக்கில் கொடுத்து டப்பா வாங்க இதில் எங்கே இடம்?

படி 4: இரும்பும் சுண்ணாம்பும்

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஓடச் சொன்னால் இரண்டாவது ரவுண்டிலேயே மூச்சு வாங்கி உட்கார்கிற பெண்ணைச் சோம்பேறி என்று நானும் ஒரு காலத்தில் திட்டியிருக்கிறேன். இப்போது முதலில் கண் இமையை இழுத்துப் பார்க்கிறேன். வெளுத்திருந்தால் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லி அனுப்புகிறேன். பெண்களுக்கு 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை.

முருங்கைக்கீரை, கம்பு, பயறு வகைகள், சாப்பிடுகிறவர்கள் என்றால் ஈரல், சுவரொட்டி. கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்பு உடம்பில் லேசில் ஒட்டாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா கூடச் சேர்ந்தால் ஒட்டும். சுண்டலில் எலுமிச்சை பிழியச் சொன்னது ருசிக்கு மட்டுமில்லை. டீயும் காபியும் இதைக் கெடுக்கும்; சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பாதிப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே வீசுகிறார்கள், எனக்குத் தெரியும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்பதுதான் காரணம். மதியம் சாப்பிட்டபின் போட்டால் அவ்வளவு தொந்தரவு இருக்காது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம்.

சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம், இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் போல வேண்டும். இரண்டு டம்ளர் பாலில் ஏறக்குறைய பாதி வந்துவிடும். மீதிக்கு ராகி, எள், கீரை, முள்ளோடு மென்று தின்கிற நெத்திலி.

படி 5: கிரவுண்டுக்கு வாருங்கள்

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை தினம் சராசரியாக 60 நிமிடம் உடம்பு அசையச் சொல்கிறது. அதில் வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேலை கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் என்றதும் மலைக்க வேண்டாம். சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கு வருவதும், தெருவில் கோகோ ஆடுவதும் கணக்கில் சேரும்.

ஒன்றுமே செய்யாமல் இருந்த பிள்ளைக்கு முதல் வாரம்: ஒரு நிமிடம் மெதுவாக ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஏழு முறை. ஓடும்போது பக்கத்தில் வருகிறவரிடம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். இரண்டாம் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, பத்து முறை. மூன்றாம் வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, எட்டு முறை. நாலாவது வாரம் ஓட்டத்தை விட்டுவிட்டு ஏதாவது ஒரு விளையாட்டில் சேர்த்துவிடுங்கள். தனியாக ஓடுகிற பிள்ளை ஒரு மாதத்தில் நிறுத்திவிடும், கபடி டீமில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிட நாலு பேர் வாசலுக்கே வருவார்கள்.

திங்கள், புதன், சனி மட்டும் கூடுதலாக மொட்டை மாடியில் பத்து நிமிடம். பஸ்கி 10. தண்டால் 8, முதலில் சுவரில் கை ஊன்றி, அது லேசாகத் தெரிந்ததும் திண்ணையில், அப்புறம் தரையில். ஸ்கிப்பிங் 50. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு சுற்று. குதிப்பதில்தான் எலும்புக்கு உரம் ஏறும். தொடங்கும்முன் ஐந்து நிமிடம் வேகமாக நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளட்டும். ஏப்ரல், மே வெயிலில் காலை ஏழரைக்கு முன்னால் அல்லது மாலை ஐந்துக்கு மேல்.

என்னிடம் அடிக்கடி வருகிற கேள்விகள் சில. கம்பியில் தொங்கினால் உயரமாவோமா? இல்லை, தோளும் பிடியும் பலமாகும், எலும்பு நீளாது. வெயிட் தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடுமா? சொல்லிக்கொடுக்க ஆள் இருந்து, குறைந்த எடையில் முறையாகச் செய்தால் நிற்காது. "எவ்வளவு தூக்குற பாப்போம்" என்று பந்தயம் கட்டுவதுதான் ஆபத்து. மாதவிலக்கு நாளில் விளையாடலாமா? உடம்பு இடம் கொடுத்தால் தாராளமாக.

முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது வேகமாக வளர்கிற, நிறையக் குதிக்கிற பிள்ளைகளுக்கு வரும். சில வாரம் குதிப்பதைக் குறைத்தால் பெரும்பாலும் தணியும். ஆனால் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற வலி, மூட்டு வீக்கம், நொண்டி நடை, ஓடும்போது நெஞ்சுவலி அல்லது மயக்கம் இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் போங்கள். எடை தொடர்ந்து குறைந்தாலும், ஒழுங்காக வந்த மாதவிலக்கு மூன்று மாதம் நின்றாலும் அப்படியே. யாரோ "குண்டு" என்று சொன்னதற்காக ராத்திரிச் சாப்பாட்டை ரகசியமாக விட்ட பெண் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

படி 6: போன் ஹாலில் தூங்கட்டும்

இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள், பிள்ளையுடையதை மட்டுமல்ல, உங்களுடையதையும். விடிகாலை ஐந்து மணி டியூஷன் என்றால் ஒன்பது மணிக்கு முன்பே விளக்கை அணைக்க வேண்டும். அது முடியாது என்றால் டியூஷனைத்தான் மாற்றிப் பாருங்கள்.

போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இதையெல்லாம் மூன்று மாதம் செய்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "சார், ஒரு செ.மீ.தான் ஏறியிருக்கு."

"முதல் கோடு எப்பப் போட்ட?"

"காலைல சார், எந்திரிச்சதும்."

"ரெண்டாவது?"

கொஞ்சம் யோசித்தான். "நேத்து கிரவுண்டுல இருந்து போனதும்..."

மறுநாள் காலை பல் துலக்குவதற்கு முன் அளந்துகொண்டு வரச்சொன்னேன்.