பியூரெட்டில் அளவைச் சரியாகப் படிப்பது எப்படி?

பியூரெட் என்பது அடியில் திறந்து மூடும் அடைப்பான் கொண்ட, அளவுக்கோடுகள் இட்ட நீண்ட கண்ணாடிக் குழாய். தரம்பார்த்தலுக்கு, அதாவது செறிவு தெரிந்த கரைசலைச் சேர்த்து மற்றொரு கரைசலின் செறிவைக் கண்டறிவதற்கு, பயன்படும் 50 மி.லி. பியூரெட்டில் சுழி மேலேயும் 50 கீழேயும் இருக்கும். வெளியேறிய திரவத்தின் அளவையே அது காட்டுகிறது என்பதால் எண்கள் கீழ்நோக்கி வளர்கின்றன. அளவு சாடியைப் படித்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

ஒவ்வொரு மில்லிலிட்டரும் பத்துச் சிறு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; ஆகவே ஒரு பிரிவு 0.1 மி.லி. திரவமட்டம் 23.4 என்ற கோட்டுக்குச் சற்றுக் கீழே, அடுத்த கோட்டை நோக்கி மூன்றில் ஒரு பங்கு இறங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அளவீடு 23.43 ஆகும்; கீழிருந்து மேலாக எண்ணினால் அதுவே 23.47 என்று பதிவாகிவிடும். கடைசி இலக்கத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டியிருந்தாலும், அதை எழுதாமல் விடுவது கருவி தரும் நுட்பத்தை வீணாக்குவதாகும்.

நீர்க்கரைசல்களின் மேற்பரப்பு கண்ணாடிச் சுவரை ஒட்டி மேலேறி, நடுவில் குழிந்து பிறைபோல் நிற்கும். அந்தப் பிறையின் அடிப்பகுதியையே படிக்க வேண்டும். அடர்ந்த நிறமுள்ள பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் அடிப்பகுதி தெளிவாகத் தெரியாது என்பதால், அதன் மேல்விளிம்பைப் படிப்பது வழக்கம். ஆனால் தொடக்க அளவையும் இறுதி அளவையும் ஒரே இடத்தில் படித்தால்தான் கழித்துப் பெறும் விடை சரியாக இருக்கும்.

கண் திரவமட்டத்துக்கு நேராக இருப்பது எல்லாவற்றிலும் முக்கியம். மேலிருந்து பார்த்தால் மட்டம் உள்ளதைவிட உயரமாகத் தோன்றும்; அதனால் அளவு சாடியில் எண் கூடும், பியூரெட்டில் குறையும். குழாயைச் சுற்றி வரும் முழுக்கோடு ஒன்றைக் கவனியுங்கள்: அதன் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றையொன்று மறைத்து ஒரே கோடாகத் தெரிந்தால், கண் அந்த உயரத்தில் சரியாக இருக்கிறது. கீழ்ப்பாதி கறுப்பான வெள்ளை அட்டை ஒன்றைக் குழாயின் பின்னால், கறுப்பின் மேல்விளிம்பு பிறைக்குச் சற்றுக் கீழே அமையுமாறு பிடித்தால், பிறையின் அடிப்பகுதி கருமையாகத் துலங்கும்.

படிப்பதற்கு முன், கரைசலை ஊற்றப் பயன்படுத்திய புனலை எடுத்துவிட வேண்டும். அதிலிருந்து சொட்டும் ஒரு துளியே ஏறக்குறைய 0.05 மி.லி. இருக்கும். பியூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழி இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். திரவத்தை வேகமாக இறக்கியிருந்தால், சுவரில் ஒட்டியது வடிய அரை நிமிடம் காத்திருங்கள்.

முகவையிலும் கூம்புக் குடுவையிலும் உள்ள கோடுகள் தோராயமானவை. கணக்கீட்டுக்குரிய அளவை அவற்றில் எடுக்கவே கூடாது. ஒரே ஒரு குறித்த அளவை உறிஞ்சி மாற்றும் குழாயான குமிழ் பிப்பெட்டிலும், கரைசலைக் குறித்த கனஅளவுக்குத் தயாரிக்கும் திட்டக் குடுவையிலும் ஒற்றைக் கோடே இருக்கும். பிறையின் அடி அதைத் தொட்டு நிற்க வேண்டும். இத்தகைய சாதாரண பிப்பெட்டின் நுனியில் தங்கும் கடைசிச் சிறு அளவை ஊதி வெளியேற்றக் கூடாது, ஏனெனில் அது தங்கும் என்று கணக்கிட்டே அந்தக் கோடு இடப்பட்டிருக்கிறது.