கொக்கைப் பார்ப்பதற்கு முன் அதன் பின்னால் பாருங்கள்

ஏரிக்கரையில் வெள்ளையாக ஏதாவது தெரிந்ததும் லென்ஸைத் தூக்கி ஐம்பது படம் தட்டிவிடுகிறோம். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தால் கொக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதன் கழுத்தை ஒட்டி ஒரு காய்ந்த கோரைத் தட்டை, தலைக்கு மேல் பாதி வெட்டுப்பட்ட கரண்ட் கம்பி, முதுகுக்குப் பின்னால் பளீரென்று ஒரு வெள்ளைச் சுவர். எடிட்டிங்கில் இதையெல்லாம் சரிசெய்யலாம் என்று பல வருடம் நானும் நம்பியிருந்தேன். இப்போது கரைக்குப் போனால் முதலில் பின்னணியைத்தான் தேடுகிறேன். நல்ல இருண்ட பின்னணி, ஒரு பனந்தோப்பின் நிழலோ சீமைக்கருவேலம் அடர்ந்த எதிர்க்கரையோ கிடைத்தால், அதற்கு முன்னால் பறவை வந்து நிற்கும்வரை காத்திருப்பேன். சின்னக் கொக்கு இரை தேடி நடந்துகொண்டே இருக்கும் பறவை, கொஞ்சம் பொறுமையாக இருந்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

அடுத்தது உயரம். இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கரைமேல் நின்று எடுக்கிறீர்கள், லென்ஸ் தண்ணீருக்கு 2 மீட்டர் மேலே இருக்கிறது, 10 மீட்டர் தள்ளிப் பெரிய கொக்கு ஒன்று, அதன் உடல் தண்ணீரிலிருந்து அரை மீட்டர் உயரத்தில். உங்கள் பார்வைக்கோடு அந்த உடலைத் தாண்டி மூன்று மீட்டருக்கும் சற்று அதிகமாகப் போய்த் தண்ணீரில் முட்டும். அதாவது பறவைக்குப் பக்கத்திலேயே இருக்கும் அலையும் பாசியும்தான் உங்கள் பின்னணி, அவை அரைகுறையாகத்தான் மங்கும். அதே இடத்தில் இறங்கி உட்கார்ந்து லென்ஸை 60 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்தால் அந்தக் கோடு பறவைக்கு 50 மீட்டர் பின்னால் போய்த்தான் தண்ணீரைத் தொடும். எல்லாம் கரைந்து ஒரே பச்சையாகவோ சாம்பலாகவோ ஆகிவிடும். இதற்கு விலை அதிகமான லென்ஸ் வேண்டாம், ஒரு பழைய சாக்குப்பையை விரித்து உட்கார்ந்தால் போதும். சேறாகும், பரவாயில்லை. இடது வலது பக்கம் இரண்டடி நகர்வதும் இதே அளவுக்கு உதவும், குறுக்கே நிற்கும் தட்டை விலகிவிடும்.

ஃபோகஸ் கண்ணில்தான் இருக்க வேண்டும், இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 600 மிமீ லென்ஸில் எஃப் 6.3 (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சிறிதாகிக் கூர்மையான ஆழம் கூடும்) வைத்து 10 மீட்டர் தூரத்தில் எடுத்தால், ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) கூர்மையாக விழும் பகுதியின் ஆழம் மொத்தமே சுமார் 10 சென்டிமீட்டர்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய கொக்கின் அலகே கிட்டத்தட்ட அவ்வளவு நீளம் இருக்கும், நேராக நம்மை நோக்கித் திரும்பினால் கண்ணும் அலகு நுனியும் சேர்ந்து கூர்மையாக வராது. அதனால் கொக்கு பக்கவாட்டில் நின்று, தலை மட்டும் நம் பக்கம் லேசாகத் திரும்பும் நொடிக்குக் காத்திருங்கள். கண்ணில் வெயிலின் ஒளிப்புள்ளி விழுந்தால் அதுதான் எடுக்க வேண்டிய நேரம்.

சரி, வெளிச்சம். வெள்ளைப் பறவைகளில் அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். இருண்ட பின்னணியில் சின்னதாக ஒரு கொக்கு நின்றால் கேமரா அந்த இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கு வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். இறகின் நெளிவெல்லாம் போய்விடும், ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்திருந்தாலும் முழுதாக வெளுத்த இடத்தில் மீட்க எதுவும் இருக்காது. அதனால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா தேர்ந்தெடுத்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 1-ல் ஆரம்பித்து ஒரு படம் எடுத்து, திரையில் வெளுத்துப்போன இடத்தைக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கை மினுக்குகிறதா என்று பாருங்கள், மினுக்கினால் இன்னும் குறையுங்கள். கொக்கே ஃபிரேம் முழுக்க நிறைந்திருந்தால் கதை தலைகீழ். கேமரா அந்த வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும், அப்போது கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். வெயில் மாறாத காலையில் எனக்குப் பிடித்த வழி, எல்லா அளவையும் நாமே வைக்கும் மேனுவல் மோடு: வெள்ளைக்கு ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் பின்னணி எப்படி மாறினாலும் கொக்கு கெடாது. ஷட்டர் பற்றி நீட்ட வேண்டியதில்லை, நிற்கும் பறவைக்கு 1/800 நொடி, மீனைக் குத்தும் தருணத்துக்கு 1/2500 நொடி. வெயில் ஏறிவிட்டால் தண்ணீருக்கு மேல் காற்று நடுங்க ஆரம்பிக்கும். அந்தக் கலங்கலை எந்த மென்பொருளாலும் முழுதாகத் தெளிவாக்க முடியாது, பையைக் கட்டிவிடலாம்.

இனி வீட்டில் செய்கிற வேலை. முதலில் கிராப், அதாவது ஓரங்களை வெட்டுவது. 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000க்கு 4000. அகலத்திலும் உயரத்திலும் பாதியாக வெட்டினால் 3000க்கு 2000, வெறும் 6 மெகாபிக்சல். 12க்கு 8 அங்குலம் பிரிண்ட் போட இது போதும். அதையும் பாதியாக்கினால் ஒன்றரை மெகாபிக்சல்தான், போனில் மட்டும் பார்க்கலாம். பறவை பார்க்கும் பக்கம் இடம் விடுங்கள். கால் தண்ணீருக்குள் மறைந்திருந்தால், அந்தக் கால் இருக்கும் என்று நினைத்துக் கீழேயும் கொஞ்சம் விடுங்கள், இல்லாவிட்டால் கொக்கு ஃபிரேமின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். பிம்பம் தெரிந்தால் முழுதாக வையுங்கள், பாதி பிம்பத்தில் வெட்டாதீர்கள்.

அப்புறம் ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதிகளை, கொஞ்சம் இறக்கி இறகின் அடுக்குகளை வெளியே கொண்டுவாருங்கள், நாய்ஸை (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான இரைச்சல்) குறையுங்கள், கூர்மையைக் கூட்டும் ஷார்ப்பனிங்கைக் கடைசியில் பறவைக்கு மட்டும் மாஸ்க் போட்டு (மற்ற இடங்களை மறைத்து) கொடுங்கள். பின்னணிக்கும் கொடுத்தால் கஷ்டப்பட்டுக் கரைத்த பச்சையில் மணல்மணலாகத் தெரியும். நிறத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். மஞ்சள் ஸ்லைடரை இஷ்டத்துக்குத் தள்ளும்போது கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் உள்ள தோலின் நிறமும் சேர்ந்து மாறுகிறது, அந்த நிறம் இனப்பெருக்கக் காலத்தில் மாறும் ஒன்று, பறவை எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று படத்தைப் பார்ப்பவர் அதிலிருந்துதான் படிக்கிறார். பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரித்தறிய வாய்க்கோடு, அதாவது அலகு பிளவுபடும் கோடு, கண்ணைத் தாண்டிப் பின்னால் போகிறதா என்று பார்ப்பார்கள், போனால் அது பெரிய கொக்கு, நாய்ஸ் குறைப்பை அதிகமாக்கினால் அந்த மெல்லிய கோடு அழிந்துவிடும். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் தளத்தில் ஏற்றப்போகும் படமென்றால் இதை இரண்டு முறை சரிபாருங்கள்.

குறுக்கே வந்த குச்சியை அழிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், அழிக்காதீர்கள். பிஎஸ்ஏ, ஃபியாப் போன்ற புகைப்படக் கலை அமைப்புகளின் போட்டிகளில் இயற்கைப் பிரிவு விதிகளிலும் கிராப் செய்யலாம், ஆனால் படத்தில் இருந்ததை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. விதிக்காக மட்டும் சொல்லவில்லை. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கூழைக்கடாவுக்குப் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்கள் நிற்கின்றன, பக்கத்திலேயே பெருங்குடி குப்பைமேடு இருக்கிறது. அதையெல்லாம் அழித்துவிட்டால் அந்தப் பறவை எங்கே வாழ்கிறது என்பதே படத்தில் இருக்காது. அங்கே நான் வேண்டுமென்றே லென்ஸைப் பின்னுக்கு இழுத்து 200 மிமீ-இல் கட்டடங்களையும் சேர்த்து எடுக்கிறேன், எஃப் 8 அல்லது 11 வைத்து, ஜன்னல்கள் ஓரளவுக்காவது தெரியும்படி.

கடைசியாக, வேடந்தாங்கல் போன்ற இடங்களில் கூடு கட்டும் பருவத்தில் கோபுரத்திலிருந்தும் கரையிலிருந்தும் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கே எடுத்தாலும், கொக்கு கழுத்தை விறைப்பாக நிமிர்த்தி உங்களையே பார்த்தால் அது இரை தேடுவதை விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்படியே நில்லுங்கள், அல்லது இரண்டடி பின்வாங்குங்கள். கழுத்து தளர்ந்து அது மறுபடி தண்ணீரைக் குனிந்து பார்க்கத் தொடங்கிய பிறகு கேமராவை எடுங்கள்.