ஹாட் டப் லவுஞ்சரில் உடம்பு மிதக்கிறதா?

ஹாட் டப் என்னும் வெந்நீர்த் தொட்டியில் கால் நீட்டிப் படுக்கும் லவுஞ்சர் இருக்கையில் ஆசையாகச் சாய்ந்தால், சிறிது நேரத்தில் இடுப்பு எழும்பிவிடும், கால் நழுவும். பலர் இருக்கையில்தான் குறை என்று நினைக்கிறார்கள். உண்மையில், நெஞ்சு நிறையக் காற்று இருக்கும்போது நம்மில் பெரும்பாலோரின் உடம்பு தண்ணீரைவிடச் சற்று இலேசு. போதாததற்கு ஜெட்டுகளும், அதாவது தண்ணீரைப் பீய்ச்சும் துளைகளும், கீழிருந்து தள்ளுகின்றன.

அதனால் முதலில் ஜெட்டைக் குறையுங்கள். பல தொட்டிகளில் மேல் விளிம்பில் ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் வேகம் வேறு இருக்கைக்குப் போய்விடும். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் கீழுள்ள ஜெட்டுகளின் முகப்பையும் திருகிப் பாருங்கள், பெரும்பாலும் அதைச் சுழற்றியே வேகத்தை அடக்கலாம். காற்று கலக்கும் குமிழை மூடினால் இன்னும் சாந்தமாகும். என்னைக் கேட்டால், வேறு எதுவும் வாங்குவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

அப்புறம் உட்காரும் விதம். இடுப்பைப் பள்ளத்தில் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, பாதங்களை எதிர்ச்சுவரில் ஊன்றுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள். கைகளால் விளிம்பைப் பிடித்துக்கொண்டால் உடம்பு நழுவாமல் நிற்கும். உயரம் குறைந்தவர்களுக்குப் பாதம் எட்டாது. அவர்கள் மடியில் வைக்கும் எடையுள்ள ஸ்பா மெத்தையைப் பயன்படுத்தலாம். பட்டையால் உடம்பைக் கட்டிக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம்.

தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தாலும் மிதப்பு குறையும், ஆனால் மேல்மட்டத் தண்ணீரை வடிகட்டிக்கு இழுக்கும் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே மட்டம் இறங்கினால் பம்ப் காற்றை இழுக்கும். இடம் சுகமாகிவிட்டதென்று அதிக நேரம் கிடக்காதீர்கள்: 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், 15 நிமிடம் போதும்.