எஃப்எம்ஆர்ஐ-யில் தலையசைவு: திருத்திவிட்டதாக நினைத்து ஏமாறும் இடங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் சாயங்காலமானால் கேரம் போர்டு வாசலுக்கு வந்துவிடும். ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் நேரத்தில் யாராவது பலகையை இடித்துவிட்டால், கலைந்த காய்களைப் பழைய இடத்தில் வைத்துவிடலாம். கெட்டுப்போன அடியை என்ன செய்வது? மூளையின் செயல்பாட்டைக் காந்தப்புலம் கொண்டு அடுத்தடுத்த படங்களாக எடுக்கும் ஸ்கேன்தான் எஃப்எம்ஆர்ஐ. அதன் தரவை முதன்முதலாக அலசும் மாணவர்களிடம் நான் இதைத்தான் கேட்பேன்.

மென்பொருளில் 'ரீஅலைன்மென்ட்' என்றொரு படி உண்டு. மூன்று நகர்வு, மூன்று சுழற்சி என 6 எண்களைக் கணித்து, எல்லாப் படங்களையும் ஒரே இடத்தில் பொருத்தும். இதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. காய் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, சரி. ஆனால் ஒரு முழுப் படத்தின் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்படுபவை. நடுவில் தலை அசைந்தால் ஒரே படத்துக்குள் சில துண்டுகள் ஒரு நிலையிலும் மற்றவை வேறு நிலையிலும் இருக்கும். காந்தப்புலமும் லேசாக மாறும். தலை நின்ற பிறகும் சிக்னல் பழைய நிலைக்குத் திரும்பச் சில நொடிகள் ஆகும். மூளைச் செயல்பாட்டால் சிக்னலில் வரும், நாம் தேடும் மாற்றமோ சில சதவீதம்கூட இருக்காது.

2012-இல் இது எல்லோரையும் உலுக்கியது. அமெரிக்காவில் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் காட்டின: ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவுகூட, மூளையில் அருகருகே உள்ள பகுதிகளின் இணைப்பை (அவற்றின் சிக்னல்கள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவை) கூட்டியும் தொலைவில் உள்ளவற்றின் இணைப்பைக் குறைத்தும் காட்டும். குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள். குழந்தை வளர வளர தொலைதூர இணைப்புகள் பலப்படுகின்றன என்று அதுவரை சொல்லிவந்ததில் எவ்வளவு மூளை, எவ்வளவு அசைவு? சிறுவர்கள், முதியவர்கள், நோயாளிகள் என்று யாரை ஒப்பிட்டாலும் இரு தரப்பின் சராசரி அசைவை முதலில் பாருங்கள். அதைப் பார்க்காமல் எழுதிய முடிவை நான் நம்புவதில்லை.

அசைவை அளக்க 'ஃப்ரேம்வைஸ் டிஸ்பிளேஸ்மென்ட்' பயன்படுகிறது. அடுத்தடுத்த படங்களுக்கு இடையே அந்த 6 எண்களும் எவ்வளவு மாறின என்று கூட்டுவதுதான் அது. சுழற்சியை 50 மி.மீ. ஆரக் கோளத்தில் வைத்து மில்லிமீட்டராக்குவார்கள். 0.5 மி.மீ., 0.2 மி.மீ. என்ற வரம்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். 2 நொடிக்கு ஒரு படம் எடுத்த தரவுக்குப் பொருந்தும் வரம்பு, 0.8 நொடித் தரவுக்குப் பொருந்தாது. வேகமான ஸ்கேனில் மூச்சுகூட அசைவு போலப் பதிவாகும். வரம்பைத் தாண்டிய படங்களை நீக்கினால், ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம் மிஞ்சியது என்பதையும் எழுதுங்கள்.

அப்புறம் வடிகட்டல், அதாவது சிக்னலில் தேவையில்லாத வேகத்தில் ஏறி இறங்கும் அலைகளை நீக்குவது. அசைவு எண்களை ரிக்ரெஷனில் (அசைவின் பங்கைக் கணக்கிட்டுக் கழிக்கும் முறையில்) சேர்ப்பவர்கள் தரவை மட்டும் வடிகட்டிவிட்டு, அந்த எண்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நீக்கிய அசைவு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். இரண்டுக்கும் ஒரே வடிகட்டி வேண்டும்.

ஸ்கேனின்போது கொடுத்த பயிற்சிக்குப் பதிலாகப் பட்டனை அழுத்தும்போதெல்லாம் தலையும் அசைகிறதென்றால் நிலைமை இன்னும் மோசம். அசைவை நீக்கினால் உண்மையான மூளைச் செயல்பாடும் சேர்ந்து போகும், விட்டுவைத்தால் பொய் நிற்கும். எந்த மென்பொருளாலும் இதை முழுசாகப் பிரிக்க முடியாது.

அதனால் தலைக்கு இருபுறமும் பஞ்சு மெத்தை வைப்பதோடு நிறுத்தாமல், பேசிப் புரியவைக்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நம் ஊரில் "சரிங்களா?" என்று கேட்டால் வாய்க்கு முன்னால் தலை ஆடிவிடும். ஸ்கேனருக்குள்ளும் அதேதான். "நான் கேட்டா தலையாட்டாதீங்கம்மா, வாயாலயே சொல்லுங்க" என்று படுக்கவைக்கும்போதே சொல்லி, ஒருமுறை கேட்டும் பார்த்துவிடுங்கள்.