ஒரே ரெப்போ, மூன்று மொழிகள்: என் அனுபவம்

தரமணியில் எங்கள் அலுவலகத்தில் கோ, பைத்தான், டைப்ஸ்கிரிப்ட் என்ற மூன்று நிரல்மொழிகளும் ஒரே ரெப்போவில் (நிரல்களைச் சேமிக்கும் களஞ்சியம்) இருக்கின்றன. இடைவெளி விடுவதில் ஆளுக்கொரு பழக்கம் என்பதால், ஒருவர் 4 வரி மாற்றினால் டிஃப்பில் (என்ன மாறியது என்று காட்டும் பட்டியல்) 400 வரி சிவப்பும் பச்சையுமாக வரும். உண்மையான பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும். முதலில் மூன்றுக்கும் ஒரே இன்டென்ட் (வரியின் தொடக்க இடைவெளி) விதி போடப் பார்த்தேன். அது தவறு. கோ மொழியின் ஃபார்மேட்டர் (நிரலின் வடிவத்தைத் தானே சீராக்கும் கருவி) கோஃபம்ட், அது டேப்தான் வைக்கும். பைத்தானுக்கு பெப் 8 என்ற நடை வழிகாட்டி சொல்வது 4 ஸ்பேஸ். சரி என்று அந்தந்த மொழியின் ஃபார்மேட்டரிடமே விட்டுவிட்டேன். வடிவம் சரியா என்று கமிட்டுக்கு (மாற்றத்தைப் பதிவு செய்வது) முன் சோதிக்கும் ப்ரீ-கமிட் ஹூக்கைச் சிலர் தாண்டிவிடுவார்கள், அதனால் அதே சோதனையை சிஐயிலும் (சர்வரில் தானாக ஓடும் சோதனை) வைத்தேன்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, திறந்திருந்த பிஆர் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) எல்லாம் மெர்ஜ் ஆனதும், மொத்த ரெப்போவையும் ஒரே கமிட்டில் ஃபார்மேட் செய்தேன். எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேமில் பாதி வரிகள் என் பெயருக்கு மாறிவிட்டன. கிட் 2.23-இல் வந்த இக்னோர்-ரெவ்ஸ்-ஃபைல் (பிளேம் கணக்கில் எடுக்கக் கூடாத கமிட்களின் பட்டியல்) வசதியில் அந்தக் கமிட்டின் ஹாஷைச் (அடையாளக் குறி) சேர்த்ததும் எழுதியவர்களின் பெயர்கள் திரும்பின.